மேல்மேட்டு ரிப்பன்கள்

வோக்ளேர், மோர்வான்
ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள பஸ்தியானுக்கு,

ஒடில் எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், வேலை நடக்கிறது, அவ்வளவுதான். மேற்குச் சரிவில் முதல் புல்லறுப்பு முடிந்தது. நடுவில் டிராக்டர் மக்கர் செய்தது. உன் தம்பி எலோய் வந்து அரைநாள் அதற்கடியில் படுத்துக் கெட்ட வார்த்தையாலேயே சரிசெய்தான்.

கோலின் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டாள். நடந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். உன் மகள் கேட்பாளா? காட்டுப்பன்றி கிழித்த தொடை இன்னும் குழி விழுந்துதான் இருக்கிறது. ஏற்றத்தில் காலை இழுத்துக்கொண்டு போகிறாள், திரும்பி வரும்போது உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருக்கும். அதே பாதையில்தான் ஓடுகிறாள். வேண்டாமடி என்றால் காது கேட்காதவள்போல் ஷூ கயிறு கட்டுகிறாள்.

இனி சண்டைக்கு வருகிறேன். உன்னைப் பார்க்கச் சிறைக்கு வந்த எலோயிடம் சொல்லி அனுப்பினாயே, அதை அவன் சாப்பாட்டு மேசையில் கோலினை வைத்துக்கொண்டே சொன்னான். "வெளிய வந்ததும் அந்த அர்மானோட இன்னொரு கண்ணையும் புடுங்கிட்டுத்தான் வாசப்படி மிதிப்பேன்னு அண்ணன் சொல்லச் சொன்னாரு." பெரிய வீரச் செய்தி கொண்டுவந்த மாதிரி நிமிர்ந்து வேறு உட்கார்ந்திருந்தான். கோலின் சூப்புத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். "எனக்காக அடிச்சாருன்னு இனிமே யாராவது சொன்னீங்க, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன். நான் யாரையும் அடிக்கச் சொல்லல!" என்று கத்தினாள். எலோய் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

அர்மான் உனக்கு வேட்டைச் சங்கத் தலைவன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன். அப்படியிருந்தும் இத்தனை மாதமாக உன் பக்கம்தான் நின்றேன். ஏனென்றால் பாதை ரிப்பனை அவிழ்த்தது அவன்தான் என்று உன்னைப் போலவே நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி? ஊராட்சிக் கூட்டத்தில் ஊரே கேட்கச் சொன்னானே. ஓட்டப் பந்தயம் மலையின் கிழக்குப் பக்கம், வேட்டை மேற்குப் பக்கம் என்று மேயர் பிரித்துக் கொடுத்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காடு என்ன உங்க விளையாட்டு மைதானமா மாப்ளே? நீ கட்டுற ரிப்பன அவுத்து என் நாய்ங்க கழுத்துல கட்டி ஊர்வலம் விடுறேன் பாரு" என்றான். நீயும் சும்மா இருந்தாயா? "உன் நாய்க்காவது அழகு வரட்டும் மச்சான், உனக்குத்தான் வராது" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்து வருவதை எழுத எனக்குத் தைரியம் வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறத்தோடு குழம்பக்கூடாது என்று போன பந்தயத்துக்குத்தான் முதல் தடவையாக, பாதையைக் காட்ட ரோஸ் ரிப்பன் வாங்கினாய். சனிக்கிழமை காலையில் பாதை முழுக்க நீயே கட்டினாய். மேல்மேட்டில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், நம் மேய்ச்சல் நிலத்து வேலியில், யாரும் தவறவிடாதபடி நெருக்க நெருக்கக் கட்டினாய். மறுநாள் பந்தயத்தில் கோலின் எல்லாருக்கும் முன்னால் அங்கே வந்தபோது ஒரு ரிப்பன்கூட இல்லை. அகலமாக இருந்த இடது பாதையில் இறங்கிவிட்டாள். அது மேற்குச் சரிவு. கீழே நாய்கள் மணி குலுங்க ஒரு பன்றியை விரட்டிக்கொண்டிருந்தன. அதற்கு ஏற்கெனவே தாடையில் குண்டடி. ஃபெர்ன் புதருக்குள்ளிருந்து நேராக அவள் மேல் பாய்ந்தது. கீழே தள்ளித் தொடையைக் கிழித்தது, திரும்பி வந்து மறுபடியும் கிழித்தது. அர்மான்தான் பக்கத்தில் ஓடி வந்து அதன் காதில் சுட்டான், நாய்க் கயிற்றால் அவள் தொடையை இறுக்கிக் கட்டினான். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே போயிருப்பாள் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னார்கள்.

அதை உன்னிடம் நான் சொன்னபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பிள்ளையக் கிள்ளி விட்டுட்டுத் தொட்டில ஆட்டுறானா?" கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நான் தடுக்கவில்லை.

வேட்டைக் கொட்டகையில் அந்தப் பன்றியைத் தொங்கவிட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். அர்மானின் சட்டைக் கையில் கோலினின் ரத்தம் காயவில்லை. "மாப்ளே, பிள்ளை எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் எதிரே வந்தானாம். நீ பன்றி தொங்கவிடுகிற இரும்புக் கம்பி ஒன்றை உருவி முகத்தில் அடித்தாய். விழுந்தவனை மறுபடி அடித்தாய். ஆறு பேர் சேர்ந்து உன்னைக் குடல் கிடந்த தரையில் அமுக்கிய பிறகும் "அவுத்தியா, இல்லையா, சொல்லுடா" என்று கத்திக்கொண்டிருந்தாயாம். அவன் எங்கே சொல்வது, வாயெல்லாம் பல்லும் ரத்தமும்.

நீ உள்ளே போன பிறகு ஊர் நாறிப்போனது. ஓட்டக்காரப் பையன்கள் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். மறுவாரம் நம் கேட்டில் ஒரு பன்றித் தலை, வாயில் ரோஸ் ரிப்பனைத் திணித்துத் தொங்கியது. கோலின்தான் அதை முதலில் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தையில் சீஸ் கடை முன்னால் அண்ணி யோலாந்தின் முகத்தில் துப்பினேன். என் அண்ணன் பெண்டாட்டி முகத்தில்.

இப்போது கேள், பஸ்தியான்.

போன செவ்வாய்க்கிழமை நம் காது வெட்டுப்பட்ட வெள்ளைக் கிடேரி தீவனம் எடுக்காமல் வயிறு உப்பி நின்றது. மாட்டு டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றாள். விலாவைக் கிழித்துத் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். நாற்றம் தாங்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்னம்மா இது, மாட்டுக்குத் துணி போட்டு வளக்குறீங்களா?" என்றாள். இழுக்க இழுக்க வந்தது. புல்லும் சாணமும் சுற்றி உருண்டு, ரோஸ் ரிப்பன். கழுவினால் நம் ஓட்டச் சங்கத்து மான் முத்திரை. சில துண்டுகளில் நீ போடுகிற இரட்டை முடிச்சு அப்படியே இருக்கிறது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த கோலின் விளக்கைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். கிடேரி பிழைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாம் என்ன செய்தோம் என்று யோசி. ஓட்டக்காரர்களின் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று கீழ் நிலத்தைக் காலி செய்தோம். கிடேரிகளை மேல்மேட்டுக்கு ஓட்டினோம். நீ முன்னால் விசிலடித்துக்கொண்டு போனாய், நான் பின்னால் கம்போடு போனேன். நீ காலையில் ரிப்பன் கட்டிய வேலிக்குள்ளேதான் அவற்றை விட்டு அடைத்தோம். கண்ணில் படுவதையெல்லாம் நக்கித் தின்கிற வயசு அவற்றுக்கு. நம் இருவருக்கும் தோன்றவில்லை.

யாரும் அவிழ்க்கவில்லை, பஸ்தியான். மாடு தின்றது. நம் மாடு.

மறுநாள் நான் அந்த உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு, காட்டுப் பாதையிலேயே நடந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். யோலாந்த் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "சந்தையில துப்பினவளுக்கு வீட்டுக்குள்ள என்ன வேலை?" என்றாள். நியாயமான கேள்வி. தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேசையில் பையைக் கொட்டினேன், நடந்ததைச் சொன்னேன். அண்ணன் கோழி பார்ப்பதுபோல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை இனி என் வாழ்நாளில் கேட்க வேண்டாம்.

"மாட்டுக்காகவா? ஒரு மாட்டுக்காகவா என் கண்ணு போச்சு?" என்று கோடாலியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான். பின்னாலேயே நானும் தொற்றிக்கொண்டேன். மேல்மேட்டு வேலியை அடித்தான். கம்பம் கம்பமாகப் பிளந்தான். கிடேரிகள் கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடின. ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாமல் பாதி வீச்சு கல்லில் பட்டுத் தெறித்தது, உள்ளங்கை கிழிந்து பிடியெல்லாம் ரத்தம். பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் விட்டான். எனக்கு உதடு பிளந்தது. அதைப் பார்த்ததும் கோடாலியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆஸ்பத்திரியில கட்டோட படுத்துக்கிட்டு, நான் தொடல, நான் தொடலன்னு சொன்னேன். கூடப்பிறந்தவ நீயே நம்பலியே, ஒடில்" என்றான். அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் அவன மன்னிக்கல. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா இத அவன்கிட்ட சொல்லாத. நான்தான் அவுத்தேன்னே நெனச்சுட்டு இருக்கட்டும். என் மேல இருக்குற வெறிதான் இப்ப அவனுக்கு முதுகெலும்பு. அத உருவிட்டா அந்தக் கை சும்மா இருக்குமா? அடுத்து யார் மேல போகும்னு யோசிச்சியா?"

யோசித்தேன். நான்கு நாளாக வேறு எதையும் யோசிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். அடுத்த மாதம் விசாரணையில், "அவன்தான் அவிழ்த்தான், அதனால் அடித்தேன்" என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதை, அவனும் கோலினும் உட்கார்ந்து கேட்க என்னால் விட முடியாது. என் அண்ணன் ஒரு கண்ணையும் கொடுத்துவிட்டு உன் பழியையும் சுமக்க வேண்டுமா? அந்த ரிப்பனை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

உன் கோபம் எப்போதும் ஓர் ஆளைத் தேடும். தேடட்டும், நான் இருக்கிறேன். மாடுகளைப் பின்னாலிருந்து ஓட்டியவள் நான்தானே. என்னைத் திட்டி எழுது, எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் எழுது. விசாரணை நாளில் முதல் வரிசையில் உட்காருவேன் என்று கோலின் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், பஸ்தியான். அன்றைக்கு நீ அங்கே உயிரோடு இருக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

கடவுள் உன் கைகளை அவர் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன்
ஒடில்

இந்தக் கடிதத்தை அவருக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் காவலர் ஐயாவுக்கு: யாரென்று தெரியாத உங்களிடம் ஒரு பெண் கேட்கிறேன். இதை அறை பூட்டும் நேரத்தில் கொடுக்காதீர்கள். காலையில், பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே போய்விடாதீர்கள்.