அம்மாவுக்காக ஒரு கிளாஸ் ஒயின்

ஞாயிறு, அபுதாபி முசஃபா. பெருநாள் லீவு முடிந்த மறுநாள்.

லீவுக்கு நானும் வீட்டுக்காரரும் போன ஜார்ஜியாவில், மண்ணில் புதைத்த ஜாடியிலிருந்து ஒயினை மொண்டு கொடுத்தார்கள். யாருக்காகக் குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டுமாம். என் முறை வந்ததும் "எங்கம்மாவுக்காக" என்று தமிழிலேயே சொல்லி ஒரு கிளாஸ் குடித்தேன். அந்த வீடியோவை அவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நானேதான் போட்டேன்.

இன்று குவைத் ஃபஹாஹீலிலிருந்து என் வீட்டுக்காரருடைய அண்ணன் அவருக்குப் போன் செய்து, "அவளை அதை அழிக்கச் சொல்லுடா, வீட்டுப் பொண்ணுங்க பாக்குறாங்க" என்றார்.

போனை வைத்ததும் இவரிடம் கேட்டேன். "நீங்க குடிச்ச நாலு கிளாஸும் அதுலதானே இருக்கு, அதுக்கு என்ன சொன்னாரு?" இவர் ஏசி ரிமோட்டைத் தேடினார்.

அழிக்கவில்லை. அம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன். புளிப்பா, இனிப்பா என்று மட்டும் கேட்டாள்.