ஜெபகனியின் விண்ணப்பம்

12.7.94, செவ்வாய்

பத்தாம் வகுப்பில் இன்று செய்வினை, செயப்பாட்டுவினை. 'ஷுட் ஹாவ் போஸ்டட்': அனுப்பியிருக்க வேண்டும். 'ஷுட் ஹாவ் பீன் போஸ்டட்': அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.

"டீச்சர், ரெண்டாவதுல அனுப்ப வேண்டிய ஆளு யாருன்னே சொல்லலையே?" என்று ஃபர்ஹத் கேட்டாள். சொல்லத் தேவையில்லை என்றேன். அதற்குமேல் பாடம் ஓடவில்லை. ஜெபகனி ஞாபகம்.

13.7.94

ஜெபகனியும் நானும் பாளையங்கோட்டைக் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சு. இருவருக்கும் ஒரே அகராதி. வாரம் ஒருத்தி வைத்துக்கொள்வோம். எனக்கு இலக்கணம் வராது. மாலையில் ஆற்றுப்பாலம் வரை நடந்தபடி அவள்தான் சொல்லித்தருவாள். எதிரே வருகிறவர்களை எல்லாம் வாக்கியத்தில் இழுத்துப்போடுவாள். "அந்த அண்ணாச்சி கொடை கொண்டாந்திருக்கணும். இங்கிலீஷ்ல சொல்லுட்டி!" மழையில் நனைந்துகொண்டே சிரிப்போம்.

14.7.94

எழுதிவிடுகிறேன். 1981. காய்ச்சலில் கிடந்தவள், தன் பி.எட். விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். என்னுடையதை அனுப்பினேன். அவளுடையது ஏதோ புத்தகத்துக்குள் போய்விட்டது. கடைசித் தேதி கழிந்துதான் கண்ணில் பட்டது.

"தபால்ல தொலைஞ்சிருக்கும்ட்டி" என்றேன். நம்பினாள். அழுத எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள் — எனக்கு! அந்த வருடமே அவளைத் திருச்செந்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

மறந்தது சரி. பொய் சொன்னது? பதிமூணு வருஷமா வாயத் தொறக்கலியே, நான் என்ன மனுஷி?

17.7.94, ஞாயிறு

திருச்செந்தூர் போனேன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நின்றபடியே சொன்னேன்: "தபால்ல தொலையல. நான்தான் அனுப்பல."

மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"எங்க அய்யா சாவுற வரைக்கும் தபால்காரரத்தான் ஏசுனாரு" என்றாள். பிறகு, "நீ போ, சபீதா. எனக்குப் பேச வரல."

2.8.94

கடிதம் எதுவும் இல்லை.

21.8.94, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டியது ஜெபகனி.

"ஒன்னிய ஏசணும்னே பஸ் ஏறி வந்திருக்கேன்."

ஏசினாள். இந்நேரம் டீச்சராகியிருப்பேனே என்று அழுதாள். நானும் அழுதேன். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. மதியம் ஆனதும், "பசிக்குதுட்டி" என்றாள். சோற்றில் மீன் ஆணத்தை இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னாள். பாயைத் தானே விரித்துப் படுத்தாள்.

மணி மூன்று. இன்னும் தூங்குகிறாள். வேகமான காற்று அவளுக்கு ஆகாது. மின்விசிறியைக் குறைத்து வைத்திருக்கிறேன்.