நாக்குக்குப் பிடிபடாதது

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள். போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, கடிதம் எழுது என்று கிளம்பும்போது நீங்களே சொன்னீர்கள். எழுதுகிறேன். லாட்ஜில் அறை காற்றோட்டமாக இருக்கிறதா? சந்தை வெள்ளிக்கிழமைதானே தொடங்குகிறது? அதுவரை அறுபது ஜின் பாட்டிலையும் வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள்.

இங்கே அக்வாவிட் என்கிற சோம்புச் சாராயக் கலவையில் இறங்கிவிட்டேன். நீங்கள் புது இடத்தில் வாங்கிய பச்சை டிரம் ஒன்றைத் திறந்து, அந்த ஸ்பிரிட்டில் சதகுப்பையையும் சீமைச் சோம்பையும் இரண்டு நாள் ஊறவைத்து, நேற்றும் இன்றும் வாலையில் ஏற்றி வடித்தேன். சந்தைக்குக் கொண்டுபோன ஜின்னில் பாதி பழைய ஸ்பிரிட் இருந்தது. இது முழுக்கப் புதுசு. எப்படி இருக்குமோ என்று பயந்தேன். உங்களிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நன்றாகவே இருக்கிறது. நுனி நாக்கில் ஆரஞ்சுத் தோல், நடுவில் சோம்பு, விழுங்கப் போகும் இடத்தில் லேசாக மண்வாசனை. கரகரப்பே இல்லை. எட்டு விதமாகக் கலந்து எட்டு கிளாஸில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து வாளியில் துப்பினேன். ஐந்தாவது கிளாஸ்தான் ஜெயித்தது.

மிச்சத்தை வழக்கம்போல லேபிள் ஒட்டுகிற அண்ணன்தான் தீர்த்தார். "துப்பறதுக்கா தங்கச்சி இவ்வளவு பாடு? செம்பு வாலை கேட்டா அழுதுடும்" என்றார். இரண்டு நாளும் ஒரு துளி வீணாகவில்லை.

ஒரு சந்தேகம். டிரம்மின் பக்கவாட்டில் ஏதோ எழுதியிருந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அதன் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இறக்கிவிட்டுப் போன லாரிக்காரர் உள்ளே வரவில்லை, தண்ணீர் கொடுத்தேன், அதையும் வாங்கவில்லை. பழைய இடத்தில் ஒவ்வொரு டிரம்மோடும் சோதனைச் சீட்டு வரும். இதற்கு எங்கே வைத்தீர்கள்? மேஜை இழுப்பறையில் தேடிவிட்டேன்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். இன்று சாயங்காலம் அண்ணன் ஒட்டிய லேபிள் கோணலாக இருந்தது. பதினோரு வருஷத்தில் நூல் பிடித்த மாதிரி ஒட்டுகிற மனிதர். ஒன்றில்லை, பன்னிரண்டு பாட்டில். காட்டினேன், பாட்டிலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் நேராகத்தான் இருக்கு, உனக்குத்தான் போதை ஏறியிருக்கு என்றார். நான் துப்பினவள், எனக்கு எப்படி ஏறும் என்று இருவரும் சிரித்தோம்.

சின்னவள் அப்பாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். சீட்டு எங்கே என்பதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
உங்கள் வீட்டுக்காரி


வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றிலிருந்து பதினேழு முறை கூப்பிட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. லாட்ஜ் போனில் சொல்லி வைத்தேன், நீங்கள் திருப்பிக் கூப்பிடவில்லை. அதனால் இதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் உங்கள் கையில் இருக்கும் என்று சொன்னார்கள்.

நேற்றுக் காலை லேபிள் அண்ணன் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு அவர் வீட்டு அண்ணி ஓடிவந்தார். எழுந்ததிலிருந்து வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார், கண்ணெதிரே வெள்ளையாகப் புகை நிற்கிறது என்கிறார் என்றார். நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது, முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "யாரு, தங்கச்சியா? கதவைத் திற, ஒரே மூட்டமா இருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, என்ன குடித்தார் என்பதுதான். சொன்னேன். யார் கொடுத்தது என்றார். நான்தான் என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மெத்தனாலாக இருக்கலாம் என்றார். எனக்கு ருசியில் எதுவும் தெரியவில்லையே, என் நாக்கு தப்பாதே என்று உளறினேன். ருசி பார்த்தெல்லாம் அதைக் கண்டுபிடிக்க முடியாதம்மா, உங்களை நாக்கு காப்பாற்றவில்லை, துப்பினதுதான் காப்பாற்றியது என்றார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் அண்ணனைப் போட்டிருக்கிறார்கள்.

நான் வாலையை அணைத்துவிட்டேன். டிரம் இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் வைத்திருக்கிறேன். கேட்பதெல்லாம் ஒன்றுதான். நாளை ஒரு பாட்டிலையும் திறக்காதீர்கள். பாதிதான் புதுசு என்று நினைக்காதீர்கள். யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய வியாபாரி கேட்டாலும் ஒரு சொட்டு ஊற்றாதீர்கள். நீங்களும் குடிக்காதீர்கள். ஏற்கெனவே குடித்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று மணிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

டிரம் யாரிடம் வாங்கியது என்று டாக்டரம்மா கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

பதறிக்கொண்டு,
உங்கள் வீட்டுக்காரி


ஞாயிற்றுக்கிழமை

உங்களுக்கு,

இதை உங்கள் அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். எந்தச் சங்கடம் வந்தாலும் அங்கேதான் போவீர்கள். உங்கள் அக்கா போனில் நீங்கள் வரவில்லை என்றார். சொல்லும்போதே குரல் கம்மியது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உங்களுக்குக் கூரியர் போட்ட பிறகும் மனசு கேட்கவில்லை. சந்தை நடத்துகிறவர்களைத் தேடிப் பிடித்து, வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத்தான் பேச முடிந்தது. நண்பகலில் உங்கள் கடைக்குப் போயிருக்கிறார்கள். அதற்குள் முப்பது பேருக்கு மேல் ருசி பார்த்துவிட்டார்களாம். ஆளுக்கு ஒரு மடக்கு, அதிலும் பாதி பழைய ஸ்பிரிட் என்பதால் பெரிய ஆபத்து இருக்காது என்று சொல்கிறார்கள். இரண்டு, மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்த ஒரு பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் என்றார்கள். சந்தைக்காரர்கள் போனபோது கடையில் நீங்கள் இல்லை.

உங்களுக்கு என் கடிதம் கிடைத்திருக்காது, பாவம், ஒன்றும் தெரியாமல் ஊற்றியிருக்கிறார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இங்கே விசாரிக்க வந்த அதிகாரியிடமும் அடித்துச் சொன்னேன். அவர் கூரியர் ஆபீசில் கேட்டு வாங்கிய தாளைக் காட்டினார். வெள்ளிக்கிழமை காலை எட்டு ஐம்பது. உங்கள் கையெழுத்து. அந்தக் கடைசி எழுத்தை மேலே இழுத்து வளைப்பீர்களே, அது அப்படியே இருந்தது. கடை திறந்தது பத்து மணிக்கு.

அவர் போன பிறகு ருசி அறைக்குப் போனேன். அப்போதுதான் முழுக்கப் பழைய ஸ்பிரிட்டில் செய்த ஜின்னில், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வைத்த இரண்டு பாட்டிலும் அலமாரியில் இல்லை என்று பார்த்தேன். வண்டியில் பெட்டி ஏற்றியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது சாருக்குத்தான்க்கா, அவர் குடிக்கத் தனியா பையில வைக்கச் சொன்னாரு" என்றார். சந்தைக்கான ஜின்னை ருசி பார்க்கக் கூப்பிட்டபோது, பல்வலி மாத்திரை போட்டிருக்கிறேன், உன் நாக்கு போதும் என்றீர்களே. எந்தப் பல் என்று கூட நான் கேட்கவில்லை.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, அதற்கு மேல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். நேற்று அண்ணி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வந்திருக்கிறேன் என்று சொல்லாமல் கதவோரம் நின்றேன். எப்படியோ தெரிந்துகொண்டார். வா தங்கச்சி, இனிமே லேபிள் கோணலா இருந்தா என்னைச் சொல்லாதே என்றார். அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார். என்னிடம் அண்ணி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால்தான் எனக்குத் தாங்காது.

கிளாஸை நீட்டியது என் கை என்று அதிகாரியிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரக்கப்பட்டுக் கொடுத்தேன், பழக்கத்தில் கொடுத்தேன் என்றெல்லாம் எழுதவில்லை. கொடுத்தேன் என்று மட்டும்தான் எழுதினேன். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, அவர் வந்து சொல்வார் என்றேன். நாளை மறுநாள் காலை மறுபடி வருகிறார்கள். அப்போதும் நீங்கள் வராவிட்டால் கையெழுத்தையும் இரண்டு பாட்டிலையும் மாத்திரையையும் நான் சொல்லியாக வேண்டும். சொல்வேன். இத்தனை வருஷம் உங்களோடு வாழ்ந்தவள் சொல்கிறேன், என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.

சின்னவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வேலை நீண்டுவிட்டது என்றிருக்கிறேன்.

நேற்று நான் கிளம்பும்போது அண்ணன் கையை நீட்டித் துழாவினார். பிடித்துக்கொண்டேன். முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பி ஒன்று கேட்டார். "மாப்பிள்ளை எப்படி இருக்காரு? அவரும் ஒரு வாய் குடிச்சிருப்பாரே. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா? விசாரிச்சியா?" என்றார்.

விசாரிக்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வந்து அவர் கட்டில் பக்கத்தில் நின்று, அவர் கேட்டதற்கு உங்கள் வாயாலேயே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா