ரெண்டு தலவாணி போட்ட படம்

என் பூனக்குட்டிக்கு, அம்மா எழுதறது. நாங்க இங்க சொகம், நீ அங்க சொகமான்னுதான் கடுதாசி ஆரம்பிக்கணும்னு அஞ்சாங்கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. நாங்கன்னு எழுத இப்ப ஆளு இல்ல, அதனால நான் சொகம்னு வெச்சிக்க. நீ அந்தக் குவைத்து ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாத்துட்டு பகல்ல தூங்கறியா, வேளைக்கு சாப்புடறியா. போன்ல பேசலாம்னா உன் கொரலு கேட்டதுமே நான் அழுவறேன், நீயும் அழுவற, அப்பறம் லைனு கட்டாயிடுது, ஒரு சேதியும் முழுசா சொன்னதில்ல. அதான் ஒக்காந்து எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா கூட்டிப் படிச்சிக்க.

வூடு முடிஞ்சிடுச்சிம்மா. நேத்து ஆண்டாளு வந்து சாவிய கையில குடுத்துட்டுப் போச்சி. உங்கூட திருக்கோவிலூர் ஸ்கூல்ல ஒரே பெஞ்சில ஒக்காந்த பொண்ணு, ஆர்க்கிடெக்ட்டுக்கு படிச்சிருக்குது, அதுதான் நம்ம வூட்ட கட்டணும்னு நீ சொன்னப்ப, கரும்பு வெட்டறவன் வூட்டுக்கு எதுக்குடி படம் வரையற ஆளு, மேஸ்திரி போதாதான்னு உங்கப்பா சிரிச்சாரு. அது மொத நாளு வந்து எத்தினி ரூம்பு வேணும்னு கேக்கவே இல்ல. சோறு எங்க ஒக்காந்து ஆக்குவீங்க, ஆட்ட எங்க கட்டுவீங்க, மழ பேஞ்சா எந்தப் பக்கம் தண்ணி நிக்கும்னு கேட்டுக்கினே காலி மனையில பொழுது சாயற வரைக்கும் நின்னுக்கினு இருந்துச்சி. எனக்கு கல்வராயன் மல தெரியறாப்பல ஒரு சன்னலு வெச்சிடு, மழ மொதல்ல அங்கதான் எறங்கும்னு உங்கப்பா சொன்னாரு. அது மேக்குப்பா, சாயங்கால வெயிலு மூஞ்சில அடிக்கும்னுச்சி. ஆயுசுக்கும் வெயில்லதான கெடந்தேன், புதுசா இன்னா அடிக்கப் போவுதுன்னாரு. அவரு கேட்ட சன்னலயும் வெச்சி, வெயிலு ஏறாம இருக்க சன்ஷேட இழுத்து தாழ வெச்சிக் குடுத்துச்சி, ரெண்டு பேரு சொன்னதும் நடந்துச்சி.

அப்பறம் படம் வந்துச்சி. கதவு இருக்கற எடத்துல எல்லாம் வளைவா ஒரு கோடு. இன்னாம்மா ரூம்புக்கு ரூம்பு முறத்த சாச்சி வெச்சிக்கிற, பொடைக்க நெல்லு யாரு தருவான்னு உங்கப்பா கேக்க, அது கதவு தெறக்கற வழிப்பான்னு சொல்லி அது சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல நிக்குது. எங்க ரூம்புல ஒரு கட்டிலு, அது மேல ரெண்டு தலவாணி. அத ரொம்ப நேரம் பாத்துட்டு, ஏம்மா எங்கள வடக்க தலய வெச்சி படுக்கப் போட்டுட்டியே, ஆவாதேன்னாரு. ஆண்டாளு நாக்க கடிச்சிக்கினு அங்கயே ரப்பர் போட்டு அழிச்சி, கட்டில கெழக்கால திருப்பி வரஞ்சிச்சி. அந்த வெளயாட்டு அவ்ளோதான்னு இருந்தோம்.

பஞ்சாயத்துல அனுமதி வாங்கினதும் சுண்ணாம்பு கோடு போட்டு குழி எடுத்தாங்க. அடியில களி மண்ணு, இது மேல வூடு நிக்காதுன்னு ஆண்டாளு இன்னும் ஆழமா தோண்ட சொல்லிச்சி. மேஸ்திரி இருசப்பனுக்கு மூக்கு மேல கோவம், படம் போடற கைக்கு பேனா கனம் தெரியும், செங்கல்லு கனம் தெரியுமான்னான். அது ரெண்டு கல்ல எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிச்சி, நல்லா வெந்த கல்லுன்னா மணியாட்டம் கணீர்னு கேக்கணுமாம், சத்தமே வரல, அந்த லோட அப்படியே திருப்பி அனுப்பிடுச்சி. அதுல இருந்து ஒவ்வொரு லோடு வரும்போதும், கோயிலு மணி அடிக்க வாங்க மேடம்னு அவனே கூப்புட ஆரம்பிச்சான்.

சன்னலு கதவுக்கு மேல லிண்டல் போட்டு முடிஞ்சி மேல செவுரு ஏறினப்பதான் அது நடந்துச்சி. செவுத்துக்கு தண்ணி காட்டிக்கினு இருந்த உங்கப்பா அந்த மேக்கு சன்னலு அடியில சாஞ்சி ஒக்காந்தாரு, நெஞ்சு அடைக்குதுன்னாரு, திருக்கோவிலூரு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி. நீ வரலன்னு யாரும் ஒண்ணும் நெனக்கல, லீவு குடுக்காதவங்க பழிய நீ ஏன் உன் மேல போட்டுக்கற. ஆனா உங்க ஜெயம்மா அத்த எழவு வூட்டுலயே சொல்லிடுச்சி, வூடு தலய கேட்டு வாங்கிடுச்சி, அந்தப் பொண்ணு மொதல்லயே வடக்க படுக்கப் போட்டு வரஞ்சிதே, இதுல எவளும் குடி போவக் கூடாது, அப்படியே வுட்டுடுங்கன்னு. ஆண்டாளு காதுல அது வுழுந்துச்சி. செருப்ப மாட்டிக்கினு கெளம்பிப் போயிடுச்சி. வேல நின்னு போச்சி. கூர இல்லாத செவுத்துக்குள்ள ஆடு படுத்துக்கினு இருந்துச்சி, நான் அந்தப் பக்கமே போவல.

மழைக்கு முந்தி ஆண்டாளு மறுபடி வந்துச்சி. எம்பக்கத்துல தரையில ஒக்காந்து, வேணாம்னா வேணாம்மா, உங்க பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன், ஆனா கம்பி வானம் பாத்து நிக்குது, மழ எறங்குனா துரு ஏறும், அப்பறம் நீங்க வேணும்னாலும் அது மேல கட்ட முடியாது, நீங்க சொல்றதுதான்னுச்சி. அவரு போன நாள்லருந்து எனக்கு இன்னா வேணும்னு யாருமே கேக்கல பூனக்குட்டி. அவரு தண்ணி காட்டின செவுரு நனையட்டும்னு வுட மனசு வரல, மேல கூர போடுன்னுட்டேன். காங்கிரீட்டு போடற அன்னிக்கு நான் தூரமாதான் நின்னேன், தாலி எறங்கினவ எதுக்கு முன்னாடி நிக்கணும்னு. மொத சட்டிய கொண்டாந்து ஆண்டாளு எங்கையில குடுத்துச்சி. உங்க அத்த மொணமொணத்துச்சி. இருசப்பன் தலத்துண்ட அவுத்துட்டு, போடு அக்கா, உங்கூர நீ போடாம யாரு போடுவான்னான்.

அப்பறம் பூச்சு, கரண்டு, தர எல்லாம் ஓடிடுச்சி. என் கைய தூக்க சொல்லி அது எட்டற எடத்துலதான் சுச்சு வெச்சிக்குது. தண்ணி ஊத்தி ஊத்தி குளிக்கற ரூம்புல தண்ணி ஓடற வாட்டம் பாத்துச்சி. கடைசியா சாக்கட்டியால கொற இருக்கற எடம் எல்லாம் வட்டம் போட்டு, செவுத்துக்கு அம்ம போட்டுட்டியேன்னு இருசப்பன் பொலம்ப பொலம்ப சரி பண்ண வெச்சிச்சி. நேத்து சாவியோட, கட்டினது கட்டினபடி வரஞ்ச படம்னு ஒண்ணு குடுத்துச்சி. சன்னலு இருக்குது, கதவு இருக்குது, எங்க ரூம்புல கட்டிலு, அதுல அதே ரெண்டு தலவாணி. அது பாத்துட்டு மூஞ்சி செத்துப் போயி, பழச பாத்து போட்டுட்டேம்மா, ஒண்ண அழிச்சிடறேன்னு ரப்பர எடுத்துச்சி. நான் படத்த வாங்கி மடிச்சி வெச்சிக்கினேன்.

தை பொறந்தா பால் காச்சலாம்னு இருக்கறேன், அத்தையும் வரேன்னு சொல்லிக்குது, வந்தா வரட்டும், சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல. நீ ஆண்டாளுக்கு ஒரு வார்த்த போன் பண்ணி பேசு, மறந்துடாத, அது மனசுல அந்தப் பேச்சு முள்ளாட்டம் நிக்குது. ஒடம்ப பாத்துக்க, மோர் குடி. உங்கப்பா எங்க இருந்தாலும் உன் தலமேல கை வெச்சிக்கினுதான் இருப்பாரு, நீ நல்லா இருப்ப.

இப்படிக்கு
உன்ன பெத்தவ குஞ்சம்மாள்

கேக்க வேணாம்னுதான் இருந்தேன். நீ வாங்க சொன்ன கட்டிலு கள்ளக்குறிச்சிலருந்து வந்து எறங்கிடுச்சி. நாங்க கட்டில்ல படுத்ததே இல்ல, அவரு வாசல்ல பாயிலயும் நான் உள்ள உன்ன அணச்சிக்கினும்தான் காலம் போச்சி. இந்தப் படத்துல எது அவரு தலவாணி, எது என்னுதுன்னு தெரியல, நான் எந்தப் பக்கம் படுக்கட்டும் பூனக்குட்டி?