ஹேண்டிலை அறுத்த பிறகும்

ஜூன் 12, 2003. வியாழன்

விடியும்போதே மேல்காற்று. சைக்கிளில் 20 கி.மீ. (போக 10, வர 10), 38 நி. 50 வி. வேண்டியது 36.

29ஆம் தேதி திருச்சியில் செலக்‌ஷன், விளையாட்டுக் கோட்டா வேலைக்கு. தனியாக ஓட்டி நேரத்துக்குள் வர வேண்டும். வயது வரம்பு எனக்கு இந்த வருடத்தோடு சரி. பி.எஸ்சி. முடித்து நான்கு வருடம். எழுதிய பரீட்சைகள் ஏழு. ஒன்றும் ஆகவில்லை.

அப்பா குவாரி ஷிப்டுக்குப் போகுமுன் மைல்கல் பக்கம் நின்று வாட்ச் பார்க்கிறார். எதிர்வீட்டு அக்கா அவரிடம்: "ஏண்ணே, புள்ள டிகிரி படிச்சது சைக்கிள் மிதிக்கவா?"

அப்பா: "மிதிச்சே ஆபீசராவும், பாரு."

காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஜூன் 15. ஞாயிறு

பெரம்பலூர், ஜமால் பாய் சைக்கிள் கடை. என் வண்டி காலேஜ் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ரேஸ் சைக்கிள். பி.டி. மேடம் எனக்கே கொடுத்துவிட்டார். பாய் பின்சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது கிரீஸாம்மா? சிமெண்ட் பேக்டரியவே உள்ள வச்சிருக்கியே."

செய்தவை: பேரிங் மாற்றியது. ஸ்டாண்டு, மட்கார்டு கழற்றியது. வளைந்த ஹேண்டிலைத் தலைகீழாகத் திருப்பி நுனியை அறுத்தது. இப்போது மாட்டுக்கொம்பு மாதிரி. பிடித்தால் உடம்பு தானாகக் குனிகிறது.

அறுக்கும்போது பார்க்க முடியவில்லை. வெளியே போய் நின்றேன்.

ஜூன் 18. புதன்

37-10. புழுதி. போகும்போது ஏற்றத்தில் சுண்ணாம்புக்கல் லோடு லாரி. முந்த முடியவில்லை, பின்னாலேயே போனேன். முகமெல்லாம் வெள்ளை. துப்பினால் சுண்ணாம்பு.

ஜூன் 21. சனி

பாயின் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த மெல்லிய டயர், ஒரு ஜோடி. கட்டைவிரல் அகலம்கூட இல்லை. "வெளிநாட்டுச் சரக்கும்மா. இன்ஷா அல்லாஹ், காத்து மாதிரி போவ."

ஜூன் 23. திங்கள்

35-55!

அப்பா வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. இன்று சாப்பிட்டேன்.

ஜூன் 25. புதன்

லாரிகள் ஸ்டிரைக். ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. இன்று 35-ஐத் தொட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

38-25.

டயரில் காற்று சரி. செயின் சரி. மறுபடி ஓட்டவில்லை.

மத்தியானம் புரிந்தது. 18, 23 இரண்டு நாளும் எதிர்காற்றை லாரிதான் வாங்கிக்கொண்டது, பின்னால் நான். லாரி இல்லாத 12ஆம் தேதியோடு பார்த்தால், பேரிங், ஹேண்டில், குவைத் டயர் எல்லாம் சேர்ந்து கொடுத்தது 25 விநாடி.

திருச்சியில் எனக்கு முன்னால் யாரும் போகமாட்டார்கள்.

ஜூன் 26. வியாழன்

பாயிடம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இனி வண்டில கழட்ட ஒன்னும் இல்லம்மா."

"அப்ப என்ன பாய் பண்றது?"

"சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்கு." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காத்தப் புடிக்கறது சைக்கிள் இல்ல. உன் சுடிதாரு. பாய்மரம் மாதிரி உப்பிக்கிட்டு வருது."

எனக்கே தெரியும். தெரிந்துதான் வண்டியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27. வெள்ளி

ஓட்டவில்லை. டிரங்குப் பெட்டியில் ரேஸ் உடுப்பு. முழங்காலுக்கு மேல், உடம்போடு ஒட்டியது. காலேஜ் மைதானத்துச் சுவருக்குள் மட்டும் போட்டது. வெளியே எடுத்தேன். மடித்து வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு ரோட்லயா?" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 28. சனி

போட்டுக்கொண்டேன். மேலே அப்பாவின் சட்டை. கிளம்பும் இடத்தில் சட்டையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், என்னைப் பார்க்காமல்.

ஸ்டிரைக் முடியவில்லை. மைல்கல் எதிரே டீக்கடையில் வேலையில்லாமல் டிரைவர்கள், கிளீனர்கள், அப்பாவின் செட்டு ஆட்கள். போகும்போது ஒருவன் விசிலடித்தான். "யார்ரா அது, சினிமா ஷூட்டிங்கா?" இன்னொரு குரல்: "டேய், நம்ம கோவிந்தன் மவடா." அப்பா பெயர். உடனே அமைதி. விசிலே பரவாயில்லை.

ஆனால் உடம்பு காற்றுக்குள் நுழைந்தது. வேறு எப்படி எழுதுவது. சுடிதார் படபடக்கும் சத்தம் இல்லை. திரும்பி வரும்போது கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை.

மைல்கல்லைத் தாண்டிப் பிரேக் பிடித்தேன்.

"எவ்வளவுப்பா?"

அப்பா டீக்கடைக்கு முதுகு காட்டி, வயலைப் பார்த்து நின்றார். கையில் வாட்ச். தோளில் அந்தச் சட்டை.

"பாக்கலம்மா."

"ஏம்ப்பா?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. நானும் பாக்கணுமா?"

சட்டையை நீட்டினார். போட்டுக்கொண்டேன். வீடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

38-ஆ, 36-ஆ, தெரியாது. இனித் தெரிந்துகொள்ள நாளும் இல்லை.

நாளை 5.10 பஸ். திருச்சியில் வாட்ச் பிடிப்பவர் யாரோ ஒரு அந்நியர். அவர் பார்ப்பார்.