பிரசவத்துக்கு நான்தான் வருவேன்

சேசு மரி சூசை

பசுமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆஷ்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஆண்டவர் தயவில் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜோவும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாயிருக்க ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதல்லவா, அதனால் குழந்தைக்குத் தைத்த துணிகளோடு இதையும் பார்சலில் வைக்கிறேன். உங்களால் முடியாது, பிரசவத்துக்கு அத்தையே வரட்டும் என்று போன வாரம் சொன்னாய். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் சம்பந்தியம்மா வந்து உனக்கு வெந்நீர் ஊற்றினார் என்றால், ஊர் பேசுவது இருக்கட்டும், எனக்கே தாங்காது.

ஃபைப்ரோமையால்ஜியா என்று டாக்டர் பெயர் சொன்னதிலிருந்து எனக்கு நோயாளிப் பட்டம் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் அதுகூட இல்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வர வர, "எல்லாம் நார்மல்னு போட்டிருக்கான், பெறகு எங்கிட்டுத்தான் வலிக்குது" என்று உன் அப்பா கேட்பார். கழுத்து, தோள், இடுப்பு என்று வலி வீடு மாறிக்கொண்டே இருந்தால் எங்கே என்று சொல்வது? இப்போது கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் மூளை அலைப் பயிற்சிக்குப் போகிறேன். பயப்படாதே, ஷாக் எல்லாம் கிடையாது. தலையில் பசை தடவி சின்னச் சின்ன வயர்களை ஒட்டுவார்கள், எதிரே திரையில் ஒரு படகு இருக்கும். மூளை பதற்றமில்லாமல் இருந்தால் படகு போகும், இறுகினால் நின்றுவிடும். வலியைப் பெரிதாக்கிக் காட்டும் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கப் பழக்குவதாம். சிலருக்குக் கேட்டிருக்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை, ஆராய்ச்சி இன்னும் போதாது, மாத்திரையையும் நடையையும் விடக் கூடாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முதலில் நான் அடித்த கூத்தைக் கேள். படகை நகர்த்தியே தீருவது என்று மனசுக்குள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன். மாதாவே, ஆஷ்லினுக்கு நாள் நெருங்குவதற்குள் என் தோளைச் சரியாக்கு, கையைச் சரியாக்கு என்று மணிக்கு மணி ஒரு மன்றாட்டு. படகு அசையவே இல்லை. நானும் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பக்தியாகச் சொன்னேன். வயர் மாட்டும் பெண் தமிழ்வாணி பார்த்துவிட்டு, "டீச்சர், இம்புட்டு மெரட்டுனா அது எப்படி நகரும், சும்மா இருங்க" என்றாள். இத்தனை வருஷம் வகுப்பை அதட்டியே பழகியவளுக்குச் சும்மா இருப்பதுதானே பெரிய வேலை. ஆனால் பழகினேன். இப்போது ஜெபமாலையைக் கோவிலிலேயே முடித்துவிட்டுப் போகிறேன், படகும் விட்டு விட்டு ஓடுகிறது. வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தூக்கம் வருகிறது, காலையில் எழுந்தால் விரல் மடங்குகிறது, கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ குலுங்கினால் முன்பு போல உயிர் போவதில்லை. அப்பாவும் எங்கே வலிக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு குக்கரை அவரே இறக்குகிறார்.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். பயிற்சியை நடுவில் விட மாட்டேன். பள்ளியில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, விசாவுக்கு அப்பா அலைகிறார். சம்பந்தியம்மா நல்ல மனுஷி, பின்னால் வந்து எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கட்டும், முதலில் நான். உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பச்சை உடம்போடு அம்மாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வருமோ என்று நினைக்கிறாய். அந்தக் குளிரில் வலி கூடி என் கை எழும்பாமலே போகலாம். அப்போதும் நான் அங்கேதான் இருப்பேன். குளிப்பாட்ட ஜோ இருக்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வை. தூக்கத்தான் கை வேண்டும் ஆஷ்லின், வைத்துக்கொள்ள நான் இருந்தால் போதும்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, வேலையில் ரொம்ப நேரம் நிற்காதே. மாதா உன்னையும் உன் குழந்தையையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். உன் அத்தையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் சண்டையாகிவிடும்.

உன்னைப் பெற்றவள்,
ஆனிமேரி