தக்காளிக்கு வைத்த விருந்து

அல்மேரியா, ஸ்பெயின்

அன்புள்ள ஒனுஃப்ரி மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, நீங்கள் சிரிக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் என் பொறுப்பில் உள்ள வரிசைத் தக்காளி நோஞ்சானாக நின்றது. பாவம் பார்த்து, நம் மோல்டோவாவில் திராட்சைக்குப் போடுகிற நினைப்பில், கைநிறைய உரம் அள்ளி வேரடியில் போட்டுத் தண்ணீரும் விட்டேன். மதியத்துக்குள், ஈர மண்ணில் நின்றபடியே செடிகளெல்லாம் துவண்டுவிட்டன. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மேஸ்திரி எவுசெபியோ தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா சம்ஃபீரா, விருந்தா வைக்கிற? வேருக்குப் பல்லா இருக்கு? சத்து தண்ணியில கரைஞ்சு, கொஞ்சங் கொஞ்சமா வந்தாத்தான் அது குடிக்கும். இப்படி மொத்தமாக் கொட்டினா, வேர்ல இருக்கிற தண்ணியையும் உரத்தோட உப்பு இழுத்துக்கும்!"

சாயங்காலம் வரை வெறும் தண்ணீர் விட்டு அலசினோம். மறுநாள் நிமிர்ந்துவிட்டன. இப்போது இங்கே எனக்குப் பெயரே விருந்துக்காரி.

அப்புறம், ஈஸ்டருக்கு வழக்கம்போல் அந்தப் பெரிய பெட்டியை அனுப்ப வேண்டாம். பாலாடைக்கட்டி இங்கேயும் கிடைக்கிறது. அதற்குப் பதில் வாரம் இரண்டு வரி எழுதுங்கள். கோழி முட்டையிட்டது என்று எழுதினாலும் போதும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உங்கள்
சம்ஃபீரா